நெல்லிக்கொல்லை இரைச்சல் விசாரணை

மனிதகுலம் வானத்தை ஒட்டுக்கேட்ட வரலாற்றில் ஜவ்வாது மலையின் நெல்லிக்கொல்லைக்கு நிகரான ஊர் வேறில்லை. 1981-இல் அங்கே ‘வானலை அளவை நிலையம்’ என்ற மாபெரும் அமைப்பு இயங்கியது. கம்பங்கள் நட்டு, கம்பிகள் கட்டி, சூரியன் அனுப்பும் அலைகளை அளப்பது அதன் பணி. சூரியனும் ஞாயிறு விடுமுறைகூட எடுக்காமல் ஒத்துழைத்தது.

அந்த நிலையத்துக்குக் கீழே, ஒரு புளியமரத்தைத் தாண்டி, மாணிக்கம்மாளின் மாவு மில் இருந்தது. விஞ்ஞானத்துக்கு அவள் செய்த துரோகம் அதுதான். சுற்றியிருந்த ஏழு ஊர்ப் பெண்களும் அங்கேதான் கேழ்வரகு அரைத்தார்கள். அந்த மில் வருவதற்கு முன் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒடுகத்தூர் வரை இறங்கிப் போய், மாவோடு ஏறி வந்தவர்கள் அவர்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நிலையத்தில் அலைகளைக் கோடாகப் பதியும் பேனா வரைதாளில் கிறுக்கித் தள்ளியது. சூரியனின் குரலை ஏதோ ஓர் இரைச்சல் விழுங்கிவிட்டது. கால்மணி நேரத்தில் அடங்கியது. அடுத்த செவ்வாயும் அப்படியே.

இயக்குநர் கோபால்சாமி உடனே ‘இரைச்சல் விசாரணைக் குழு’ அமைத்தார். அவரே தலைவர். உறுப்பினர்கள் அனைவரும் தலைவரின் கருத்தை உடையவர்கள். அதுவரை செவ்வாய்தோறும் பதினொரு மணிக்கு நடந்த நிர்வாகக் கூட்டத்துக்குப் பதிலாக, விசாரணைக் கூட்டம் தினமும் அதே நேரத்தில் நடந்தது. இரைச்சலும் தினமும் வரத் தொடங்கியது. விஷயம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதுவே சான்று எனக் குழு குறித்துக்கொண்டது.

மலையில் மோட்டார் ஓடும் இடம் எது என்று கேட்டார்கள். மில் என்றார்கள். மறுநாளே மில் கதவைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள்.

வானத்து அலைகளுக்காக மாணிக்கம்மாள் அலைய ஆரம்பித்தாள். கேழ்வரகுக் கூடையோடு வந்த பெண்கள் பூட்டைப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் மலையிறங்கினார்கள். அவர்கள் திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். ஒன்பதாம் நாள் அவள் இயக்குநர் முன்னால் போய் நின்றாள்.

“மிஷினைப் பூட்டி ஒம்போது நாளாச்சிங்க சார். இன்னும் அந்தச் சத்தம் வருதுங்களா?”

“வருகிறது.” கோபால்சாமி வாய் திறந்தால் கோப்பு திறந்த மாதிரி இருக்கும்.

“அப்ப எம் மிஷினு இல்லன்னுதானங்க அர்த்தம்?”

“அவசரப்படக் கூடாது அம்மா. நிறுத்திய பிறகே இவ்வளவு இரைச்சல் என்றால், ஓடியபோது எவ்வளவு போட்டிருக்கும்!”

மாணிக்கம்மாளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வெளியே வந்து, எதிர்ப்பட்ட பொறியாளர் அருணகிரியிடம் கொட்டித் தீர்த்தாள்.

“இன்னா சார் படிப்பு இது? சத்தம் எந்தப் பக்கமிருந்து வருதுன்னு திரும்பிப் பாக்க மாட்டீங்களா?”

அருணகிரி இரவு பகலாகத் திட்டுகளை வாங்கிப் பழகியவன். ஆனால் இது திட்டு அல்ல, யோசனை என்று அவனுக்கு உறைத்தது. மூன்று நாள் உட்கார்ந்து ஒரு கருவி செய்தான். ஒரு கழியில் அலுமினியக் குச்சிகளை மீன்முள் போல வரிசையாகக் கட்டினான். எந்தத் திசையிலிருந்து இரைச்சல் வருகிறதோ அந்தத் திசைக்குத் திருப்பினால் அதன் மீட்டர் முள் ஏறும். அந்தத் திசையில் என்ன இருக்கிறதென்று பார்க்க, கிடங்கில் கிடந்த பழைய நில அளவைக் கருவியின் தொலைநோக்கியைக் கழற்றி மேலே பொருத்தினான். காதும் கண்ணும் சேர்ந்த கருவி!

குழு பூரித்துப்போனது. குற்றவாளியை விஞ்ஞானமே சுட்டிக்காட்டப் போகிறதல்லவா? குற்றவாளிக்கும் அழைப்பு அனுப்பினார்கள்.

காலை பதினொரு மணி. குழுவினர் மைதானத்தில் நாற்காலி போட்டு அமர்ந்தார்கள். கருவியை முதலில் மில் பக்கம் திருப்பினார்கள். முள் அசையவில்லை.

“பழுதோ?” என்றார் கோபால்சாமி.

அருணகிரி மெல்லத் திருப்பினான். புளியமரம், ஜீப் கொட்டகை, அலுவலகம். விருந்தினர் விடுதிக்கு நேராக வந்ததும் முள் துள்ளி ஏறியது. அவன் தொலைநோக்கியில் கண் வைத்தான். பிறகு கண்ணை எடுத்துக்கொண்டான்.

“என்ன தெரிகிறது?”

“சார்... என் வாயால சொல்றது மரியாதையா இருக்காது, சார்.”

“தள்ளுங்க சார்” என்று மாணிக்கம்மாள் குனிந்து பார்த்தாள். “சமையக்கார சிங்காரம் சார். தலைகீழா நின்னுக்கினு, போன மாசம் வந்த புது மிக்சில சட்டினி அரைக்கிறாரு.”

கோபால்சாமி எழுந்தே விட்டார். “தலைகீழாகவா? அலுவலக நேரத்திலா?”

“இந்த வகைத் தொலைநோக்கி எல்லாத்தையும் தலைகீழாத்தான் காட்டும், சார்” என்றான் அருணகிரி.

“ஆளுதாங்க தலைகீழு. சட்டினி நெஜம்.”

சிங்காரத்துக்குக் கை காட்டினார்கள். மிக்சி நின்றது. முள் விழுந்தது. மறுபடி ஓட்டச் சொன்னார்கள். முள் ஏறியது. மிக்சிக்குள் கரித்துண்டு உரசிப் பொறி பறக்கும், இரைச்சல் அந்தப் பொறியுடையது, மில் மோட்டாரில் அந்த உரசலே கிடையாது என்று அருணகிரி விளக்கினான். விளக்கம் முடிவதற்குள் சிங்காரத்தின் கையில் வடை வந்துவிட்டது.

“யாருக்கு அரைக்கிறீங்க?” என்று மாணிக்கம்மாள் சிங்காரத்தைக் கேட்டாள்.

“குழுவுக்குத்தாம்மா. கூட்டம்னா வடை. வடைன்னா சட்டினி. தெனம் கூட்டம் வச்சா நான் இன்னா பண்ணட்டும்?”

குழு வடையைப் பார்த்தது. வடையைத் தொட யாரும் முன்வரவில்லை. ஆறிவிடப் போகிறதே என்று மாணிக்கம்மாள் ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

“சட்டினி நல்லாருக்குது. வாங்க சார், பூட்டுன கையாலயே வந்து தொறந்துடுங்க.”

முத்திரையை உடைக்க முறைப்படி வாரக்கணக்கில் ஆகும் என்று கோபால்சாமி தொடங்கினார். அதற்குள் செய்தி காட்டுத்தீயாகப் பரவி, ஏழு ஊர்ப் பெண்களும் கூடையோடு மில் வாசலில் கூடிவிட்டார்கள். முறை அங்கேயே சுருங்கிப்போனது. இயக்குநர் தம் கையால் அரக்கை உடைத்துப் பூட்டைத் திறந்தார். மாணிக்கம்மாள் சுவிட்சைப் போட்டாள். பெல்ட் தடதடவென்று ஓட, கேழ்வரகு மாவு பறந்து இயக்குநரின் மீசையில் படிந்தது. பதின்மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கி, அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மேலே வரைதாளில் பேனா ஆடாமல் அசையாமல் சூரியனை எழுதிக்கொண்டிருந்தது.

குழு தன் இறுதி அறிக்கையில் அருணகிரியின் கருவியை நாட்டின் பெருமை என்று வாயாரப் புகழ்ந்தது. பிறகு அதைச் சாக்கில் சுற்றிக் கிடங்கில் வைத்துப் பூட்டியது. எந்தக் கோளாறு எங்கிருந்து கிளம்புகிறது என்பதை இம்மி பிசகாமல் காட்டும் அந்த அரிய கருவியின் விவரத்தை நாட்டின் எல்லா அலுவலகங்களுக்கும் சுற்றறிக்கையாக அனுப்பினார்கள். தமக்கு ஒன்று வேண்டுமென்று இதுவரை ஓர் அலுவலகம்கூட எழுதிக் கேட்கவில்லை.