வண்டி கெளம்பிருச்சுங்க!

"வண்டி கெளம்பிருச்சுங்க மேடம். இந்நேரம் பாதி வழி போயிருக்குமுங்க" என்று சிவராஜ் போனில் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த வண்டி அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் ஜெயபாண்டி அதன் நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தான். வண்டியில் ஏற வேண்டிய பனியன்கள் இன்னும் அயர்ன் டேபிளையே பார்க்கவில்லை.

இதைப் பொய் என்பவர்கள் திருப்பூரை அறியாதவர்கள். இந்த ஊரில் வண்டி கிளம்பிவிட்டது என்றால் சரக்கு தயாராகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கிளம்பப் போகிறது என்றால் நூலே இன்னும் வரவில்லை என்று அர்த்தம். சாயப்பட்டறைக்காரர் கம்பெனிக்குச் சொல்வார், கம்பெனிக்காரர் பையிங் ஆபீசுக்குச் சொல்வார். எல்லோரும் சொல்வார்கள், யாரும் நம்பமாட்டார்கள், ஊர் தன் பாட்டுக்கு நடக்கும். முதலிபாளையம் தங்கவேலு பனியன் கம்பெனியில் டெஸ்பாட்ச் பார்க்கும் சிவராஜ் இந்த வித்தையில் கரை கண்டவர்.

ஆனால் வெளிநாட்டுக்காரனுக்காகச் சரக்கைப் பார்த்து வாங்கும் பையிங் ஆபீசுக்குச் சித்ரகலா மேடம் புதிதாக வந்திருந்தார். அவருக்கு ஊர் வழக்கம் தெரியவில்லை.

"எந்த எடத்துல வருது சிவராஜ்?"

"பாலத்துக்குக் கிட்டங்க மேடம்."

"எந்தப் பாலம்?"

"நம்ம பாலந்தானுங்க மேடம்."

"சரி. அடுத்த லோடு வரும்போது உங்க வேன்ல ஜிபிஎஸ் இருக்கணும். அது எங்க போகுதுன்னு என் போன்ல தெரியணும். எங்க ஹெட் ஆபீஸ் எனக்கே ஒண்ணு குடுத்திருக்கு, என் பைக்குள்ளதான் கெடக்கு. நான் எங்க நிக்கறேன்னு பெங்களூர்ல இருந்து பாத்துட்டே இருக்காங்க. நான் மறைக்கறேனா? கெளம்பாத வண்டியக் கெளம்பிருச்சுன்னு இன்னொரு தடவ சொன்னீங்கன்னா, அடுத்த ஆர்டர் உங்களுக்கு இல்ல."

விஷயம் முதலாளி தங்கவேலுவின் காதுக்குப் போனது. அவர் பதறவில்லை. கொங்கு நாட்டில் சீட்டைக் கிழிப்பதாக இருந்தாலும் மரியாதையாகத்தான் கிழிப்பார்கள்.

"ஆர்டர் போச்சுன்னா அப்புறம் டெஸ்பாட்சுன்னு ஒரு ஆளே வேண்டியதில்லீங்க சிவராஜு. நீங்களே போயி நல்ல மிஷினாப் பாத்து எடுத்துட்டு வாங்க" என்றவர், கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டார். "ரொம்ப நல்லதா எடுத்துராதீங்க."

மகளை இந்த வருஷம்தான் காலேஜில் சேர்த்திருந்தார் சிவராஜ். பயந்துபோய்க் கடைக்கு ஓடினார்.

கடையில் ரித்தீஷ் என்ற இளைஞன் உற்சாகமாக ஆரம்பித்தான். "இது பாருங்க சார், டேஷ்போர்டுலயே பதிச்சுர்றது. பெரிய ஸ்கிரீன். வழி காட்டும், பாட்டுப் பாடும், பின்னால வர்ற வண்டியக் காட்டும்."

"கழட்ட முடியுமாங்க?"

"டேஷ்போர்டையே ஒடைச்சாத்தானுங்க சார் முடியும்."

"வேண்டாங்க."

ரித்தீஷ் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தான். "இத என்ஜினுக்குப் பக்கத்துல ஒளிச்சு வெச்சுருவமுங்க. எங்க இருக்குதுன்னு டிரைவருக்கே தெரியாது. ஒயரப் புடுங்குனா ஓனருக்கு மெசேஜ் போயிரும். திருடனால ஒண்ணும் பண்ண முடியாது."

சிவராஜ் அதைத் தொடக்கூட இல்லை. "இது வேண்டவே வேண்டாங்க."

"அப்ப உங்களுக்கு எப்பிடித்தானுங்க சார் வேணும்?"

"வண்டிய உட்டுத் தனியாப் போனாலும் வேலை செய்யோணுமுங்க."

"எதுங்க சார் தனியாப் போகுது?"

"மிஷினுங்க."

"மிஷின் எதுக்குங்க சார் தனியாப் போகோணும்?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னனுங்க."

கடைசியில் கிடைத்தது ஒரு கையடக்கக் கம்ப்யூட்டர். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. சிம் போட்டால் இருக்கும் இடத்தை ஊருக்கெல்லாம் சொல்லும். மேப் காட்டும், தமிழில் வழி சொல்லும், பேட்டரி நாளெல்லாம் நிற்கும், கீழே விழுந்தாலும் உடையாது. வண்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்டாண்டும் உண்டு. ஸ்டாண்டு வேண்டாம் என்று சிவராஜ் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தங்கவேலு அதை வாங்கி முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். "கழண்டு வருமாப்பா?"

"கழண்டேதானுங்க இருக்குது மொதலாளி."

"கெட்டிக்காரன்" என்றார் தங்கவேலு மனம் நிறைந்து.

ஆடி வெள்ளியன்று சோதனை வந்தது. மத்தியானத்துக்குள் லோடு வீரபாண்டிக் கிடங்குக்குப் போய்ச் சேர வேண்டும். காலையிலிருந்தே கிடங்கு வாசலில் காத்திருப்பதாக மேடம் போன் செய்துவிட்டார். இங்கே ஸ்டீம் பாய்லர் மக்கர் செய்து, பாதிப் பனியன் சுருக்கத்தோடு கிடந்தது. வேன் நகர வழியில்லை. ஆனால் மிஷின் நகரலாமே!

செக்கிங் பகுதி அன்புசெல்வி அரைநாள் லீவு போட்டு வீரபாண்டியில் இருக்கும் தன் வீட்டுக்கு ஸ்கூட்டரில் கிளம்பிக்கொண்டிருந்தாள். சிவராஜ் மிஷினை அவள் டிபன் பைக்குள் வைத்தார்.

"கெடங்குக்கு எதுத்தாப்புல கந்தப்பன் பேக்கரி இருக்குதல்லோ, அங்க குடுத்துரும்மா. நாங்க வந்து வாங்கிக்கறோம். வேன் போற மாதிரியே போகோணும்."

"ஜெயபாண்டி அண்ணன் மாதிரியெல்லாம் என்னால முடியாதுங்க சார். எனக்கு ஒரு புள்ள இருக்குதுங்க."

அவள் தெருமுனை திரும்பியதும் சிவராஜ் போனை எடுத்தார். "வண்டி கெளம்பிருச்சுங்க மேடம். நானும் வண்டிலதானுங்க வர்றேன். பாத்துக்குங்க!" இத்தனை வருஷச் சர்வீசில் இந்த வாக்கியத்தைச் சாட்சியோடு சொன்னது அன்றுதான். நெஞ்சு நிமிர்ந்தது.

டீ வருவதற்குள் போன் வந்தது.

"சிவராஜ், வண்டி ஏன் ஒரே எடத்துல சுத்துது?"

"ரவுண்டானாங்க மேடம்."

"ஒம்பது தடவையா?"

"டிராபிக்குங்க மேடம்."

"டிரைவர்கிட்ட குடுங்க."

சிவராஜ் தூங்கிக்கொண்டிருந்த ஜெயபாண்டியை உலுக்கி எழுப்பி, நிலைமையைச் சைகையில் விளக்கினார். மதுரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன், சட்டென்று புரிந்துகொண்டான். தாவி ஏறி ஒரு கையால் ஹாரனை அழுத்தி, மறுகையால் போனை வாங்கினான்.

"சொல்லுங்க மேடம்! வண்டிதான் ஓட்டிக்கிட்டிருக்கேன் மேடம்! ஏய், ஓரமாப் போய்யா!"

ஓரமாகப் போகச் சொல்லப்பட்டவர், சத்தம் கேட்டு வெளியே வந்த தங்கவேலு.

"யாரப்பா அது, நிக்கற வண்டில ஹாரன் அடிக்கறது?" என்று அவர் போட்ட சத்தம் போனுக்குள்ளும் போனது.

சிவராஜ் போனைப் பிடுங்கினார். "போலீஸ்காரருங்க மேடம். சிக்னல்ல நிக்கறமுங்க. ரொம்பக் கண்டிப்பான மனுசனுங்க."

அடுத்து அன்புசெல்வியைக் கூப்பிட்டார். "ஏம்மா, எங்க இருக்கற?"

"கோயில்லீங்க சார். ஆடி வெள்ளியாச்சே, நவகிரகத்தச் சுத்தீட்டுப் போலாம்னு வந்தனுங்க."

"மிஷினு?"

"அதும் கூடத்தானுங்க சுத்துச்சு. வாய மூடவே மாட்டீங்குதுங்க சார். பூசாரி எதுக்க வந்தாரு, 'தவறான பாதையில் செல்கிறீர்கள்'னு சொல்லிருச்சுங்க. அவரு கோவிச்சுக்கிட்டு எனக்குத் துன்னூறே குடுக்கலீங்க."

"அதெல்லாம் அப்புறம் வாங்கிக்கலாம். சீக்கிரம் போம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

அன்புசெல்வி சொன்ன பேச்சைத் தட்டாதவள். சீக்கிரமாகத்தான் போனாள். மறுபடி போன் அடித்தது.

"சிவராஜ், வேன் ரோட்டுலயே இல்லையே. ரெண்டு வீட்டுக்கு நடுவுல போகுது."

"சந்துங்க மேடம். ஜெயபாண்டி நல்லா ஓட்டுவானுங்க."

"ஆள் நடந்து போற சந்து மாதிரி இருக்கே?"

"ரொம்பவே நல்லா ஓட்டுவானுங்க."

எப்படியோ பாய்லர் கண் திறந்தது. அட்டைப்பெட்டிகள் ஒவ்வொன்றாக வேனில் ஏறத் தொடங்கியபோது கடைசிப் போன் வந்தது. இந்த முறை மேடத்தின் குரல் தேனாக இருந்தது. சிவராஜுக்கு அதுவே பிடிக்கவில்லை.

"என்ன சிவராஜ், வந்து சேர்ந்துட்டீங்க போல. வண்டி பேக்கரில நிக்குது."

"ஆமாங்க மேடம். டிரைவர் ஒரு டீ..."

"அதான் பாக்கறேனே. நான் காலையில இருந்து கேட் வாசல்லயேதான நிக்கறேன். வண்டி என் கண்ணு முன்னாடிதான் நிக்குது. ஜெயபாண்டி டீ குடிக்கறான். பாவம், நல்லாக் குடிக்கட்டும். ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா வந்து எறக்குங்க."

போன் நின்றுபோனது. சிவராஜ் ஜெயபாண்டியைப் பார்த்தார்.

"நான் எங்கண்ணே டீ குடிக்கிறேன்? காலையில இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல" என்றான் அவன்.

"கேலி பண்றாங்கப்பா. அவங்க வாசல்ல நிக்கறாங்க, எதுக்க வேன் இல்லைன்னு கண்ணுல தெரியுது. எல்லாந் தெரிஞ்சுதான் இப்பிடிப் பேசறாங்க." சிவராஜ் அட்டைப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இந்த அன்பைத்தான் தாங்க முடியவில்லை. மகள் காலேஜ் பையோடு பஸ்ஸுக்கு நிற்பது கண்ணில் வந்து போனது.

தங்கவேலுவும் முகம் வெளுத்து நின்றார். "அப்ப ஒண்ணு பண்ணுங்க சிவராஜு. போயி உண்மையச் சொல்லிருங்க."

"பழக்கமில்லீங்களே மொதலாளி."

"வேற வழி?"

வேற வழி இல்லை. வேன் கிளம்பியது. நிஜமாகவே கிளம்பியது, ஆனால் அதை யாருக்கும் போன் செய்து சொல்ல முடியவில்லை. வழியெல்லாம் சிவராஜ் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார்.

"மேடம், மன்னிச்சுருங்க. அப்ப வண்டி கெளம்பலீங்க. மிஷின் மட்டுந்தானுங்க கெளம்புச்சு..."

"இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே" என்றான் ஜெயபாண்டி. "நம்புற மாதிரி இல்ல."

கிடங்கு வந்தது. சிவராஜ் கூப்பிய கையோடு இறங்கினார். கேட் வாசலில் மேடம் இல்லை. உள்ளேயும் இல்லை. கோபத்தோடு ஆபீசுக்குப் போய் ஆர்டரை ரத்து செய்துகொண்டிருப்பார் என்று தோன்றியது. முதலில் மிஷினையாவது வாங்குவோம் என்று ரோட்டைத் தாண்டிப் பேக்கரிக்குள் நுழைந்தார்.

கந்தப்பன் பால் ஆற்றிக்கொண்டிருந்தார். சிவராஜைப் பார்த்ததும், தேங்காய்ப் பன் தட்டுக்குப் பக்கத்தில் இருந்த மிஷினை எடுத்து நீட்டினார். "இந்தாங்க, உங்களுது. அந்தப் புள்ள அப்பவே வந்து குடுத்துட்டுப் போயிருச்சுங்க."

சிவராஜ் அதை வாங்கிப் பைக்குள் போட்டார். "ஏனுங்க, பையிங் ஆபீஸ் மேடம் காலைல இருந்து கேட் வாசல்லதான நின்னாங்க? எந்தப் பக்கம் போனாங்கன்னு பாத்தீங்களா?"

கந்தப்பன் கையைத் துடைத்துக்கொண்டு, பன் தட்டுக்குப் பின்னாலிருந்து இன்னொரு மிஷினை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"மேடம் நேத்தே ஊருக்குப் போயிட்டாங்க, நாளைக்குத்தான் வருவாங்களாமா. இது பெங்களூர்க்காரங்க அவங்களுக்குக் குடுத்த மிஷினுங்க. சரக்கு வந்தா, பொட்டி பொட்டியாச் செக் பண்ற மாதிரி இதக் கெடங்குக்குள்ள நாலு சுத்து சுத்திக் கொண்டாரச் சொன்னாங்க. நீங்க அங்கதான போறீங்க, அப்பிடியே எடுத்துட்டுப் போயிருங்க சாமி!"