ஓமந்தையில் ஒரு வருட ஒப்பந்தம்

வவுனியாவில் வாடகை வீடு தேடிப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். விளம்பரத்தில் ‘நகரத்துக்கு மிக அருகில்’ என்று எழுதுகிறவர்கள் ஹெலிகொப்டரில் போகிறவர்களை நினைத்துத்தான் எழுதுகிறார்கள். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்த வசனம் பொருந்தாது.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. வவுனியா நகரத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்திருந்தது. வீடு முல்லைத்தீவில். விடியவே எழும்பி பஸ் பிடித்தாலும் கந்தோருக்குப் போய்ச் சேரும்போது மற்றவர்கள் முதல் தேநீரைக் குடித்து முடித்திருப்பார்கள். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த முகாமையாளர், “தங்கச்சி, திங்கட்கிழமையிலையிருந்து நேரத்துக்கு வாறதெண்டால் வாங்கோ. இல்லாட்டி வேறை ஆளைப் பாக்கோணும்” என்று மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

விடுதியில் தங்கலாம்தான். ஆனால் அப்பா போன பிறகு அம்மாவும் நானும் மட்டும். அம்மாவைத் தனியே விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. (உண்மையில் என்னைத் தனியே விட அம்மாவுக்குத்தான் மனமில்லை. அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை.) நகரத்துக்குள் விசாரித்தால், குருமன்காட்டில் கேட்ட வாடகைக்கு என் சம்பளத்தோடு அம்மாவின் தையல் மெசினையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஏ-ஒன்பது வீதியிலேயே கொஞ்சம் வெளியே போனால் வாடகை இறங்கும், பஸ்ஸும் நிறைய ஓடும் என்று கணக்குப் போட்டு, ஓமந்தை என்று தீர்மானித்தேன். கந்தோரில் ஒரு அக்கா, “அங்கை சிவலிங்கம் எண்டு ஒரு ஐயா வீடு வாடகைக்குக் குடுக்கப்போறாராம். கடையிலை கேட்டால் காட்டுவினம்” என்றா. கூடவே ஒரு புத்தியும் சொன்னா. “போன உடனை வாடகையைப் பற்றி வாய் திறக்காதையும். அவசரம் எண்டு தெரிஞ்சால் கூட்டிப்போடுவினம். முதல் ஆக்களோடை பழகும். மற்றதெல்லாம் பேந்து.”

இந்தப் புத்தியை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டதில்தான் எல்லாம் தொடங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வவுனியாவில் பெரியம்மாவின் பேத்தி பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. அதை முடித்துக்கொண்டு அப்படியே ஓமந்தைக்குப் பஸ் ஏறினோம். அம்மா கூறைச்சேலைக்கு அடுத்த நிலையிலுள்ள மரூன் நிறப் பட்டில் இருந்தா. தெரியாத வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு சீப்புக் கதலி வாழைப்பழமும் வாங்கினா.

சந்திக் கடையில் ஒரு அம்மா இருந்தா. சிவலிங்கம் ஐயா வீடு எது என்று கேட்டதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

“அவை எப்படியான ஆக்கள்? சண்டை சச்சரவு ஒண்டும் இல்லையோ? பேந்து சிக்கல்படக்கூடாது, அதுதான் முதலே விசாரிக்கிறம்.”

கடைக்காரம்மா என்னைப் பார்த்தா. அம்மாவின் பட்டுச்சேலையைப் பார்த்தா. வாழைப்பழத்தையும் பார்த்தா.

“தங்கமான சனம், பிள்ளை. ஒண்டும் யோசியாமல் போங்கோ. அந்த மஞ்சள் கேற்.”

நாங்கள் நாலடி வைக்கமுதல் அவ கைத்தொலைபேசியை எடுத்ததைப் பார்த்தேன். யாவாரம் சம்பந்தமாக இருக்கும் என்று நினைத்தேன்.

மஞ்சள் கேற் திறந்தே இருந்தது. முற்றம் அப்போதுதான் அவசரமாகக் கூட்டப்பட்டிருந்தது. வாசலில் சிவலிங்கம் ஐயா சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டியபடி நின்றார். பக்கத்தில் அவருடைய மனைவி.

“வாங்கோ, வாங்கோ. முல்லைத்தீவிலையிருந்துதானே?” என்றார் ஐயா.

“ஓம் அங்கிள். அந்த விசயமாத்தான் வந்தனாங்கள்.”

“தரகர் வரேல்லையோ?”

“தரகர் ஏன் அங்கிள்? நாங்களே நேரை கதைச்சு முடிப்பம் எண்டுதான்.”

அவருக்கு அது பிடித்துவிட்டது. அன்ரி மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தா. கதிரைகளில் இருத்தினார்கள். வடை வந்தது. கேக் வந்தது. வாடகைக்கு வருகிறவர்களுக்கு இப்படி ஒரு உபசரிப்பா என்று நான் பூரித்துப்போனேன். இந்த ஊரை விட்டால் எனக்கு வேறு ஊர் இல்லை என்று மனதுக்குள் எழுதியே கொடுத்துவிட்டேன். பிறகு தலை ஈரம் காயாத, கழுத்தெல்லாம் பவுடர் பூசிய ஒரு இளைஞர் தேநீரோடு வந்து, ஐயாவுக்குப் பக்கத்தில் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். மகன் என்றார்கள். நான் தலையாட்டிவிட்டு விசயத்துக்கு வந்தேன்.

“இதுக்கு முந்தி ஆரும் இருந்தவையோ, அன்ரி?”

அன்ரி பதறிப்போனா. “ஐயோ, இல்லைப் பிள்ளை. ஒரு கதை வந்தது. அதுவும் தொடக்கத்திலேயே நிண்டுபோச்சு.”

“அப்ப கனகாலம் சும்மாவோ? சும்மா கிடந்தால் பழுதாப் போகுமே.”

இளைஞர் இருமினார்.

“இரவிலை சத்தம் இருக்குமோ? அம்மாவுக்குச் சின்னச் சத்தத்துக்கும் முழிப்பு வந்திடும்.”

ஐயா தொண்டையைச் செருமினார். “மறைக்கக்கூடாது பிள்ளை. கொஞ்சம் இருக்கு. பழகினால் தெரியாது.”

யாழ்ப்பாண ரயிலைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவருடைய நேர்மை என்னைக் கவர்ந்தது. அடுத்தது வன்னியில் எந்த வீட்டைப் பற்றியும் கேட்கவேண்டிய முக்கியமான கேள்வி.

“தண்ணி எப்படி, அங்கிள்?”

அந்த இடமே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஐயா அன்ரியைப் பார்த்தார். அன்ரி மகனைப் பார்த்தா. மகன் நிலத்தைப் பார்த்தார்.

“முந்தி கொஞ்சம் இருந்தது,” என்றார் ஐயா. “இப்ப அடியோடை இல்லை. ஒரு துளி இல்லை. கோயிலிலை போய்ச் சத்தியம் பண்ணியாச்சு.”

கிணறு வற்றியதற்குக் கோயிலில் நேர்த்தி வைத்திருக்கிறார்கள், பாவம் என்று நினைத்தேன். ஆனாலும் பாவம் பார்த்து வீடு எடுக்க முடியுமா?

“ஒரு துளியும் இல்லாட்டி நாங்கள் என்னெண்டு அங்கிள் இருக்கிறது? எனக்குக் காலமையும் பின்னேரமும் கட்டாயம் வேணும். அம்மாவுக்கெண்டால் மூண்டு நேரமும் வேணும்.”

அன்ரி மெதுவாகத் திரும்பி, மரூன் பட்டுடுத்தி, விபூதி பூசி, வடையைக் கடித்துக்கொண்டிருந்த என் அம்மாவைப் பார்த்தா. அப்படி ஒரு பார்வையை நான் அதற்குப் பிறகு எங்கேயும் காணவில்லை. அம்மா மேசைக்குக் கீழால் என் தொடையில் ஒரு நுள்ளு நுள்ளினா. வடை நன்றாக இருக்கிறது என்கிறா என்று விளங்கிக்கொண்டேன்.

ஐயா எப்படியோ தன்னைச் சுதாரித்துக்கொண்டார். “சரி. அதைப் பேந்து கதைப்பம். உங்களுக்குச் சம்மதமெண்டால் எழுத்தை எப்ப வைக்கலாம்?”

(எங்கள் பக்கத்தில் ‘எழுத்து’ என்றால் கலியாணப் பதிவு. நானோ வாடகை ஒப்பந்தம் எழுதுவதைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.)

“நாளைக்கெண்டாலும் வைப்பம் அங்கிள். எனக்கு அவசரம். முதல் ஒரு வருசத்துக்குப் பாப்பம். பிடிச்சிருந்தால் நீடிக்கலாம். சரிவராட்டி ஒரு மாசத்துக்கு முன்னமே சொல்லிப்போட்டு விலகிறம்.”

இளைஞர் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இருந்தது.

அப்போதுதான் வாசலில் வான் வந்து நின்றது. தட்டம், பழம், பட்டுச்சேலைகள், வேட்டிகள் என்று ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். முன்னால் வந்த பெரிய மீசைக்காரர், “முல்லைத்தீவிலையிருந்து வாறம். தரகர் சொல்லியிருப்பார்” என்றார். அவருக்குப் பின்னால் தரகரும் வந்தார்.

மீசைக்காரர் என்னைப் பார்த்தார். தேநீரோடு இருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். அவருடைய முகம் கறுத்தது.

“ஒரே நாளிலை ரெண்டு பகுதியைக் கூப்பிட்டு, எது திறமெண்டு பாக்கிறியளோ? ஏறுங்கோ எல்லாரும், போவம்.”

தரகர் கெஞ்சினார். அன்ரி அழத் தயாரானா. மீசைக்காரரின் மகளுக்கும் இந்த மகனுக்கும் பொருத்தம் பார்த்து, நாள் பார்த்து, பல மாதமாகக் கதைத்து வந்த சம்பந்தம் என் கண்முன்னாலேயே வானில் ஏறிக்கொண்டிருந்தது. என் தலைக்குள் நடந்ததெல்லாம் பின்னுக்கிருந்து முன்னுக்காக ஓடியது. ஒரு வருசம். எழுத்து. தண்ணி. சத்தம். நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று பார்த்தேன். ஓமந்தை மண் இறுகிய மண். பிளக்கவில்லை.

ஓடிப்போய் வானின் கதவைப் பிடித்துக்கொண்டேன். “ஐயா, நில்லுங்கோ. சத்தியமா எனக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாம். எனக்கு வீடு மட்டும் போதும்.”

பின்னாலிருந்து அன்ரி கேட்டா: “அப்ப வீட்டையும் எழுதித் தரோணுமோ?”

எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். முகாமையாளர், சம்பளம், கந்தோர் அக்காவின் புத்தி, ரயில் சத்தம், கிணறு எல்லாம். கிணற்றுக்கு வந்தபோது மீசைக்காரரின் வயிறு குலுங்கத் தொடங்கியது. அம்மாவின் மூன்று நேரத்துக்கு வந்தபோது அவர் வானின் படியில் இருந்துவிட்டார். “அப்ப பெடியன் இப்ப குடிக்கிறேல்லை எண்டது உறுதி,” என்று கண்ணைத் துடைத்தபடி சொன்னார். “நான் கேக்க வெக்கப்பட்ட கேள்வியெல்லாத்தையும் இந்தப் பிள்ளை கேட்டு முடிச்சிட்டுது.”

சம்பந்தம் தப்பியது. நான் தேடிவந்த சிவலிங்கம் ஐயா இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தார். வேறு ஒழுங்கை, வேறு சிவலிங்கம். எங்களைக் கூட்டிக்கொண்டு போக இந்தச் சிவலிங்கம் ஐயாவே செருப்பைப் போட்டார். (நாங்கள் போய்விட்டோம் என்று கண்ணால் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் என்று அம்மா சொல்லுவா.) இரண்டு அறை, தகரக் கூரை, நல்ல கிணறு. என் சம்பளத்துக்குள் அடங்கிய வாடகை. அன்றிரவு மட்டும் வவுனியாவில் பெரியம்மாவோடு தங்கிவிட்டு, திங்கட்கிழமை நான் முகாமையாளருக்கு முன்னமே கந்தோரில் இருந்தேன்.

அன்று திரும்பும் பஸ்ஸில் அம்மாவிடம் கேட்டேன். “உங்களுக்கு எப்ப விளங்கினது?”

“நீ என்னைக் குடிகாரி ஆக்கின உடனை விளங்கீற்று.”

“அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?”

அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்தா. “பெடியன் பரவாயில்லை மாதிரி இருந்தது.”

அந்தக் கலியாணத்துக்கு நாங்களும் போனோம். மேடையில் வாழ்த்தப் போனபோது புதுப்பெண் என் கையைப் பிடித்து, “அக்கா, குறட்டையை முன்கூட்டியே விசாரிச்சு வைச்சதுக்கு நன்றி” என்றா. அந்த ஒழுங்கைகள் முழுவதும் கதை பரவிவிட்டது. வாடகைக்கு வருகிற பிள்ளை என்று ஒருவரும் என்னைச் சொல்லவில்லை. ‘ஒரு வருசப் பிள்ளை’ என்றுதான் சொன்னார்கள்.

மூன்று வருடம் கழித்து எனக்கும் கலியாணம் பேசி வந்தது. மாப்பிள்ளை பரந்தன் ஆள். அவருடைய வீட்டார் சந்திக் கடையில் என்னைப் பற்றி விசாரித்தார்களாம். கடைக்காரம்மா ஒன்றும் மறைக்கவில்லை. முழுவதையும் சொல்லியிருக்கிறா.

இப்போதும் ஒவ்வொரு கலியாண நாளிலும் காலைத் தேநீரைக் கையில் தந்துவிட்டு என் கணவர் முகத்தை மிகவும் சீரியசாக வைத்துக்கொண்டு கேட்பார்: “என்ன மாதிரி, நீடிக்கிறமோ? இல்லாட்டி ஒரு மாசத்துக்கு முதல் சொல்லோணும்.”

நான் தேநீரைக் குடித்து முடிக்கும்வரை பதில் சொல்வதில்லை.