கூர் நிற்காத கத்தி

நான்காவது முறையாகத் தீட்டிய கத்தியும் மறுநாள் காலையில் தக்காளியை அறுக்காமல் நசுக்கியது.

"இன்னைக்கும் அதே கதைதாங்க," என்று மனைவி கத்தியை அவர் முன்னால் வைத்தாள். கோபித்துக்கொண்டிருந்தாலாவது பரவாயில்லை என்று அவருக்கு இருந்தது.

முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து, இரண்டு மாதம் முன்புதான் ஓய்வு பெற்றவர். அவர் கைவைத்த லிஃப்ட் அதே கோளாறுக்காக மறுபடி நின்றதாகச் சரித்திரம் கிடையாது. பன்னிரண்டு மாடி ஏற்றி இறக்கியவருக்கு ஒரு சாண் கத்தி தண்ணி காட்டுவதா?

வெறுங்கையால் தேய்ப்பதில் சாய்வு மாறிவிடுகிறது என்று கண்டுபிடித்தார். அலமாரி இழுப்பறை ஒன்றைக் கழற்றிப் பலகையாக்கினார். கத்தியைப் பிடித்துக்கொள்ள ஒரு கவ்வி, பக்கத்தில் ஒரு தூண், தூணின் துளை வழியே முன்னும் பின்னும் ஓடும் குடைக்கம்பி, கம்பியில் சாணைக்கல். துளையை ஏற்றி இறக்கினால் சாய்வு மாறும். பதினெட்டு டிகிரி என்று வைத்தால் பதினெட்டுதான்.

கத்தி காகிதத்தைச் சத்தமில்லாமல் இரண்டாக்கியது. மறுநாள் காலை மழுங்கியிருந்தது.

குடைக்கம்பி வளைகிறது என்று, மூலையில் கிடந்த பழைய பிரிண்டரைப் பிரித்து அதன் இரும்புத் தண்டை உருவினார். அது அவ்வளவு பழையதல்ல என்று மகள் சாயங்காலம் வந்து சொன்னாள். சொன்னாள் என்பது மரியாதைக்கு. மனைவிதான் குறுக்கே வந்து, அப்பாவை ஒன்றும் சொல்லாதே என்று அடக்கினாள்.

அப்புறம் பலகை ஆடுகிறது என்று தெரிந்தது. சாப்பாட்டு மேஜையில் நான்கு துளை போட்டு முடுக்கினார். குடும்பம் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டது. கடைசியில் கத்தி விளிம்பில் நிற்கும் பிசிறைத் தேய்த்தெடுக்கத் தோல் வேண்டியிருந்தது. இடுப்பு பெல்ட்டை வெட்டினார். அன்றிலிருந்து ஒரு கை பேன்ட்டைப் பிடித்திருக்க, மறுகையால்தான் வேலை.

ஆனால் அந்தக் கருவி! மேல்வீட்டுத் தச்சர் பார்க்க வந்தார். தண்டை ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். நேரே வீட்டுக்குப் போய்த் தன் உளிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார். அதைவிடப் பெரிய பாராட்டு அந்தக் கட்டடத்தில் யாருக்கும் கிடைத்ததில்லை. அடுத்த வாரம் எல்லா வீட்டுக் கத்திகளும் வரிசையில் நின்றன. ஒன்றுகூட மழுங்கித் திரும்பி வரவில்லை.

அவர் வீட்டுக் கத்தியைத் தவிர.

முதல் முறையாக அவருக்குத் தன் கைமேலேயே சந்தேகம் வந்தது. கத்தியை வாங்கிப் போக வந்த கீழ்வீட்டுப் பெண்ணிடம் வாய்விட்டே சொல்லிவிட்டார். "ஊர்க் கத்தியெல்லாம் நிக்குதும்மா. எங்க வீட்டுது மட்டும் ஒரு நாள் தாங்கல. எங்க தப்புப் பண்றேன்னே புரியல."

அவள் அவரை விநோதமாகப் பார்த்தாள்.

"எப்படிண்ணா தாங்கும்? உங்க வீட்டு அக்காதான் தினம் விடியக்காலைல எங்க வாசப்படிக் கல்லுல அதைத் தேய்ச்சு மழுக்கிட்டுப் போறாங்களே. ஏன்க்கான்னு கேட்டா, 'இது சரியாயிட்டா மனுஷன் நாளைக்கு எதுக்குடி எழுந்திருப்பாரு'ங்கறாங்க."