ஏரியில் நகர்ந்த குடில்

"இன்னிலேருந்து தினமும் நடக்கப்போறேன்!"

ஆர்விட் டோலெஃப்சன் மேஜையை ஓங்கி அடித்து அறிவித்தான். கிண்ணத்தில் இருந்த ஓட்ஸ் கஞ்சி பயந்துபோய் ஒரு குலுங்கு குலுங்கியது.

அவன் மனைவி மார்லிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். "யாரு? நீயா?"

"நானேதான்!"

"வாசல்ல இருக்கிற தபால் பெட்டிக்கே வண்டி எடுத்துட்டுப் போற ஆளு நீ. எங்க நடக்கப்போற?"

"ஏரிக்கு. என் மீன்குடிலுக்கு. ஏரிதான் நல்லா உறைஞ்சு கிடக்கே! போக ஒரு நடை, வர ஒரு நடை. நடந்தாத்தான் இதயம் தேறும்னு டாக்டர் சொன்னாங்களா இல்லையா?"

சொன்னார்தான். நவம்பரில் முதல் பனி விழுந்த அன்று, பக்கத்து வீட்டு கோர்டி தன் பனி தள்ளும் இயந்திரத்தோடு வந்து நின்றான். அடுத்தவன் கையால் தன் வாசலைச் சுத்தம் செய்யவிட்டால் மினசோட்டாவில் ஆண்பிள்ளை எப்படித் தலைநிமிர்ந்து நடப்பான்? "என் வாசல், என் பனி" என்று ஆர்விட் பனி அள்ளும் மண்வாரியைத் தூக்கினான். பாதி வாசல் தாண்டவில்லை. ஒரு குதிரை வந்து நெஞ்சின்மேல் உட்கார்ந்தது. பனிக்குள் கிடந்தவனை மார்லிஸ்தான் இழுத்து எடுத்தாள்.

அடைத்துக்கிடந்த ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். "இத்தனை வருஷ சிகரெட், வெண்ணெய், சோபா மூணும் சேர்ந்து கட்டின அணை இது" என்றார் டாக்டர் சியோங் அம்மாள். அதோடு சிகரெட் போயிற்று. வெண்ணெய் போயிற்று. பேக்கனும் போயிற்று. முதல் இரண்டையும் ஆர்விட் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டான். பேக்கனுக்குத்தான் அழுதான். சட்டியில் சுருண்டு சுருண்டு பொரியும் அந்தப் பன்றித்துண்டு இல்லாத காலை ஒரு காலையா?

அதனால்தான் இந்த நடைத் திட்டம். ஏரிப் பனிக்கட்டியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்க, அதன்மேலேயே நிறுத்திய சின்ன மரக்குடில் அது. உள்ளே அடுப்பு உண்டு. சட்டி உண்டு. கோர்டி ரகசியமாகப் பேக்கன் கொண்டுவந்து வைப்பான். ஆர்விட் போய்ப் பொரித்துத் தின்பான். மார்லிஸ் கண்ணில் மண்ணைத் தூவ இதைவிட நல்ல வழி கிடையாது.

மார்லிஸுக்கு ஒரே சந்தோஷம். தானே அவன் கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றி மூக்குவரை மூடினாள்.

"நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை பையில இருக்கா? நெஞ்சு கொஞ்சம் இறுக்கினாக்கூட நின்னுடணும். கடுங்குளிர் நாள்ல கிளம்பக் கூடாது. அப்புறம், யார் வண்டியிலயாவது ஏறினியோ தெரியும் சேதி! ஜன்னல்ல பைனாகுலரோட உட்கார்ந்திருப்பேன்."

"உட்காரேன்! நல்லா உட்காரு!" என்றான் ஆர்விட். பைனாகுலருக்குக் கண்தானே உண்டு, மூக்கு கிடையாதே!

முதல் நாள் குடில் கரைக்குப் பக்கத்திலேயே இருந்தது. கோர்டி சொன்னபடி பொட்டலத்தோடு காத்திருந்தான். திறந்து பார்த்தால் உள்ளே இரண்டே துண்டு.

"என்னப்பா கோர்டி, பூனைக்கு வாங்கினியா?"

"நிறைய வாங்கினா கடைக்காரனுக்குச் சந்தேகம் வரும். அவன் பொண்டாட்டியும் உன் பொண்டாட்டியும் சர்ச்சுல ஒரே பெஞ்சு."

அதுவும் நியாயம்தான். ஆர்விட் பொரித்தான். தின்றான். கண்ணை மூடினான். "கொஞ்சம் சப்புனு இருக்கே?"

"குளிர்ல நாக்கு மரத்துப்போச்சு உனக்கு."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

அடுத்த வாரம் ஒரு காலையில் போய்ப் பார்த்தால் குடில் இருந்த இடத்தில் ஒரு ஓட்டைதான் இருந்தது. குடில் ஏரிக்குள் வெகுதூரம் தள்ளி நின்றது. மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தான்.

"கோர்டி! என் குடில் எப்படிப்பா இங்க வந்துச்சு?"

"பெர்ச் மீன் ஆழத்துக்குப் போயிடுச்சு. நான்தான் வண்டியில கட்டி இழுத்துட்டு வந்தேன். உனக்காகத்தான்."

ஆர்விட்டுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. சறுக்குக் கட்டைமேல் நிற்கும் குடில், மீன் போகிற பக்கம் இழுபட வேண்டியதுதான். ஏரிக்காரன் எவனாவது அதைப் போய்க் கேள்வி கேட்பானா? ஊரில் இப்படி ஒரு சிநேகிதன் யாருக்கு வாய்க்கும்!

மீன் அதற்குப் பிறகு நின்றபாடில்லை. தீவுக்குப் போனது. தீவைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனது. எதிர்க்கரை நாணலுக்கே போய்விட்டது. குடிலும் பின்னாலேயே போனது. ஆர்விட்டும் போனான்.

"இந்த மீனுக்கு ஒரு இடத்துல கால் தங்காதா?"

"மீனுக்கு ஏதுப்பா கால்? பேசாம சாப்பிடு."

"வந்ததுலேருந்து ஒரு மீன்கூடக் கடிக்கலையே?"

"ஆர்விட், நீ மீனுக்கா வர்ற?"

ஆர்விட் சட்டியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு மென்றான். ஆரம்பத்தில் வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனவன், போகப்போகச் சீட்டியடித்துக்கொண்டு போனான். தைமாதக் குளிரிலும் சட்டை வியர்த்தது. கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. மார்லிஸ் பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்தாள்.

மார்ச் மாதம் பரிசோதனை. மார்லிஸும் கூடவே வந்தாள். டாக்டர் சியோங் அவனை டிரெட்மில்லில் ஏற்றினார். ரத்தத்தைப் பார்த்தார். வயிற்றைச் சுற்றி அளந்தார்.

"பிரமாதம் மிஸ்டர் டோலெஃப்சன்! கெட்ட கொழுப்பு எவ்வளவோ இறங்கியிருக்கு. ரத்த அழுத்தம் அருமை. மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க. என்ன பண்ணினீங்க?"

ஆர்விட்டுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வெற்றியை எப்படி மறைப்பது? மருத்துவ உலகத்தையே ஒரு சட்டியால் கவிழ்த்திருக்கிறானே! நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டான்.

"பேக்கன் டாக்டர்! தினமும் பேக்கன்! ஏரியில ஒளிஞ்சு உட்கார்ந்து தின்னேன். மார்லிஸ், நீ என்னைத் திட்டினாலும் பரவாயில்ல. எழுதிக்குங்க டாக்டர், உலகத்துக்கே சொல்லுங்க!"

டாக்டர் மார்லிஸைப் பார்த்தார். மார்லிஸ் கூரையைப் பார்த்தாள்.

"வான்கோழிதானே?" என்றார் டாக்டர்.

"வான்கோழிக் கறியில செஞ்ச பேக்கன்தான் டாக்டர். கொழுப்பு கம்மி, உப்பு குறைச்சது. ரெண்டே துண்டு."

"அதையும் தினமும் வேண்டாம். நடையை மட்டும் விடவே கூடாது. அதுதான் காப்பாத்தியிருக்கு."

ஆர்விட் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். வண்டியில் பாதி வழி வந்ததும், ஓட்டிக்கொண்டிருந்த மார்லிஸ் பக்கம் திரும்பினான்.

"அப்போ கோர்டி?"

"நீ அவன்கிட்ட கேட்ட அன்னிக்கே வந்து சொல்லிட்டான். பொட்டலம் கட்டிக் கொடுத்ததே நான்தான்."

"பெர்ச் மீன்?"

"முதல்ல நின்ன இடத்துலயேதான் இருக்கு. ஊரே பிடிச்சுட்டு இருக்கு."

"குடிலை இழுத்தது?"

"எவ்வளவு தூரம்னு டாக்டர் சொல்வாங்க. எந்தப் பக்கம்னு நான் சொல்வேன். கோர்டி இழுப்பான்."

"சும்மாவா இழுத்தான்?"

"சும்மா யார் இழுப்பா? நீ குடில்லேருந்து திரும்பி நடந்து வர்றதுக்குள்ள வண்டியில முந்தி நம்ம அடுப்படிக்கு வந்துடுவான். ஒரு துண்டு ஆப்பிள் பை, நான் சுட்டது. வெண்ணெய் போட்டது."

"என் அடுப்படியில! என் நாற்காலியிலயா?"

"அதுல மெத்தை இருக்கே."

ஆர்விட்டின் முகம் தக்காளியாகச் சிவந்தது. மார்லிஸ் வண்டியை மெதுவாக்கினாள். அவள் குரலும் இறங்கிவிட்டது.

"நடன்னு சொன்னா நீ நடந்திருப்பியா? அன்னிக்குப் பனிக்குள்ள உன் முகத்தைத் தேடி நான் கையால தோண்டினேன். இன்னொரு தடவை என்னால தோண்ட முடியாது ஆர்விட்."

ஆர்விட் அவள் கையைப் பிடிக்கத்தான் நினைத்தான். ஆனால் தன் நாற்காலியில், தன் மெத்தைமேல், வாயெல்லாம் ஆப்பிள் பையோடு கோர்டி உட்கார்ந்திருக்கும் காட்சி கண்ணில் வந்து தொலைத்தது.

"நிறுத்து வண்டியை! நாளையிலேருந்து ஒரு அடி நடக்க மாட்டேன்! எந்த ராஜா வந்து சொன்னாலும் நடக்க மாட்டேன்!"

இறங்கிக் கதவைப் படாரென்று சாத்தினான். கையை வீசிக்கொண்டு, காலை எட்டிப் போட்டு, வீட்டைப் பார்த்து விறுவிறுவென்று கிளம்பினான். மார்லிஸ் பின்னாலேயே வண்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியை இறக்கினாள்.

"இதே வேகத்துலயே போ ஆர்விட். இன்னும் மூணு மைல் இருக்கு."