சிஞ்ஞோராவின் உடைவுச் சீட்டுகள்

மனித நாகரிகம் உச்சிக்கு ஏறி எங்கே நிற்கிறது என்று யாராவது கேட்டால், நான் தயங்காமல் சொல்வேன்: இத்தாலியின் பலெர்மோ நகரில், பொலிதேயாமா அரங்குப் பக்கம், நான் படி கழுவும் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், ஒரு கண்ணாடி அலுமாரிக்குள்.

அங்கேதான் வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா ஒர்தென்சியா, ஐம்பதுகளில் கலிபோர்னியாவில் வனைந்த மண்பாத்திரங்களைச் சேகரித்து வைத்திருந்தார். நாற்பது வருடம் பழசாகியும் அவற்றுக்கு 'நவீனம்' என்றே பெயர். சிசிலிக்காரருக்குச் சட்டி வனையத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும்; அதுதான் குறை. பக்கத்துத் தெருவில் வாங்கி அடுக்கினால் அதற்குப் பெயர் சேகரிப்பல்ல, சமையல் குசினி. சிஞ்ஞோராவின் கோப்பைகளில் எதையும் ஊற்றக்கூடாது. சாம்பல் தட்டுகளில் சாம்பல் விழக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் பிறந்த ஊர், வந்த திகதி, கைமாறிய விபரம் எல்லாம் எழுதிய பேப்பர் இருந்தது.

ஏழு வருடமாக அவற்றைத் தூசி தட்டிய வேலைக்காரி, மன்னார் செலஸ்ரீனாவிடம் ஒரு பேப்பரும் இல்லை.

நீதியிலும் சிஞ்ஞோரா குறைந்தவரல்ல. ஏதாவது உடைந்தால் இரண்டு பிரதிகளில் 'உடைவுச் சீட்டு' எழுதுவார்: 'இன்ன திகதியில், என் வீட்டில் பணிபுரியும் செலஸ்ரீனா, இன்ன கோப்பையை உடைத்தாள்.' கீழே தன் கையொப்பம். ஒரு பிரதி செலஸ்ரீனாவுக்கு, எடுத்துப் பார்த்து வெட்கப்படுவதற்கு. பதினொரு சீட்டுச் சேர்ந்திருந்தது.

1996 இல், பேப்பர் இல்லாதவர்களுக்கு அரசாங்கம் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி கொடுக்கத் தொடங்கியது. வேலை செய்கிறோம் என்பதற்கு எழுத்தில் அத்தாட்சி வேண்டும். அது கிடைத்தால் செலஸ்ரீனா ஊருக்குப் போய் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரலாம். விட்டு வரும்போது பிள்ளைக்கு ஒரு வயது, இப்போது எட்டு.

வேலைக் கடிதம் எழுதித் தரும்படி செலஸ்ரீனா கேட்டதும் சிஞ்ஞோரா கண்கலங்கினார்.

"நீ எனக்கு மகள் மாதிரி, செலஸ்ரீனா. மகளுக்கு யாராவது வேலைக் கடிதம் கொடுப்பார்களா?"

'மகள்' இறங்கி வந்து, நான் கழுவின படியில் இருந்தாள்.

"அலோசியஸ் அண்ணை, அத்தாட்சிக்கு அந்த உடைவுச் சீட்டுகள் காணாதோ?"

"எடி, அதிலை உன்ரை பேர், வேலை, மனுசியின்ரை கையெழுத்து எல்லாம் கிடக்கு! பத்திரமா வைச்சிருக்கிறியோ?"

"ஓம், ஜெபப்புத்தகத்துக்கை. ஆனா இப்பவும் வேலை செய்யிறன் எண்டு காட்ட இந்த வருசத்துச் சீட்டு ஒண்டும் இல்லை."

"அப்ப போய் ஒண்டை உடையன்."

"எனக்கென்ன விசரோ? மஞ்சள் சாடியை மனுசி போன கிழமை தானே போட்டு உடைச்சு, சோபாவுக்குக் கீழை ஒளிச்சு வைச்சிருக்கு."

அன்று மாலையே செலஸ்ரீனா துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டாள்.

"நான்தான் சிஞ்ஞோரா. எழுதுங்கோ. திகதியை மறந்துபோடாதேயுங்கோ."

அவ்வளவு சந்தோசமாக மனுசி எதிலும் கையெழுத்துப் போட்டதில்லையாம்.

குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்துக்கு நானும் கூடப் போனேன். பொலிஸ் அதிகாரி பன்னிரண்டு சீட்டையும் ஆறுதலாக வாசித்தார்.

"இவ்வளவையும் உடைத்த பிறகும் உன்னை வேலையால் நிற்பாட்டவில்லையா?"

"இல்லை, ஐயா."

"அந்த அம்மா ஒரு புனிதவதி," என்று சொல்லி முத்திரையைக் குத்தினார்.

நான் அதை மறுக்கவில்லை. சிஞ்ஞோரா உதவவில்லை என்று எங்கடை ஆட்கள் கதைப்பது அபாண்டம். பன்னிரண்டில் செலஸ்ரீனா உடைத்தது ஒன்று. பூனை உடைத்தது மூன்று. மற்ற எட்டையும் சிஞ்ஞோரா தன் கையாலேயே உடைத்து, தன் கையாலேயே அவள் பெயரை எழுதிக் கொடுத்தார். ஏழு வருடத்தில் அந்த வீட்டில் அவள் பெயர் எழுதப்பட்டதும் அந்தப் பன்னிரண்டு தடவைதான்.