வேணாம்லா சிங்கப்பூரைச் சுற்றிய நாள்

இந்தத் தீவில் அடுத்தவர் கையிலிருந்து ஒரு குவளைத் தண்ணீர்கூட வாங்காமல் வாழ்ந்து முடித்தவன் ஒருவன்தான். அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்கே சட்டென்று ஞாபகம் வராது. ஜூரோங் கப்பல் பட்டறையில் நாங்கள் எல்லோரும் கூப்பிட்டது வேணாம்லா என்றுதான். தேத்தண்ணி குடிக்கிறியாடா என்றால் ‘வேணாம்லா’. மழை கொட்டுது, குடைக்குள்ள வாடா என்றால் ‘வேணாம்லா’.

கப்பலுக்குப் பெயிண்ட் அடிப்பதுதான் வேலை. அவன் ஏறும் ஏணியை யாரும் பிடிக்கக்கூடாது. பிடித்தால் இறங்கிவிடுவான். ரிடையரான அன்று கம்பெனியில் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். மறுநாளே அதே மாதிரி இன்னொன்று வாங்கிக்கொண்டு போய், ஆபீஸில் ஆணி அடித்து மாட்டிவிட்டு வந்தான். மார்சிலிங்கில் ஒன்பதாவது மாடியில் வீடு. லிஃப்டில் யாராவது தயவாக ஒன்பதை அமுக்கிவிட்டால், இவன் பத்தை அமுக்கி, அங்கே இறங்கி, ஒரு மாடி நடந்து கீழே வருவான். இவனோடு ஒருத்தி முப்பது வருஷம் குடும்பம் நடத்தினாள். அவளுக்குக் கோயிலே கட்டலாம். அவளும் போய்ச் சேர்ந்தாள்.

எழுபத்து மூன்று வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்தான். யாரையும் கூப்பிடவில்லை. ஆங் மோ கியோவில் இருக்கும் மகள் தேவி ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தபோது முகம் பாதி நீலமாக இருந்தது.

“வீட்டக் குடுத்துட்டு எங்களோட வந்துருங்கப்பா.”

“வேணாம்லா. நான் சைக்கிள்லயே தனியா பினாங்கு போகப்போறேன். நீ என்னமோ கெழவன்கிற.”

தேவியும் அவன் பெற்றதுதானே.

“பினாங்கு இருக்கட்டும். மொதல்ல ஒரே நாள்ல சிங்கப்பூரச் சுத்தி வாங்க. யாரு ஹெல்ப்பும் இல்லாம, கீழ விழாம. வந்துட்டா நான் அப்புறம் வாயே தொறக்கல. விழுந்துட்டா மூட்டை கட்டிருங்க, ஓகேயா?”

“ஓகே.”

அன்றைக்கே அவள் எனக்கு போன் போட்டாள். “அங்கிள், அப்பா பின்னாலயே போய்ப் பாருங்க. அப்பாவுக்குத் தெரியக்கூடாது. எங்கிட்ட மட்டும் மறைக்காமச் சொல்லுங்க.”

எனக்கு முட்டி தேய்ந்து போய்ப் பத்து வருஷம். சைக்கிள் மிதிப்பவனை எம்ஆர்டி ரயிலிலும் பஸ்ஸிலும் துரத்துகிற வேலை இப்படித்தான் எனக்கு வாய்த்தது. எத்தனை மணிக்கு எங்கே இருப்பான் என்பதை ஒரு வாரமாக அவனே என்னிடம் ஒப்பித்திருந்தான். அதனால் பிழைத்தேன்.

டிசம்பர் மாதம். விடிந்தும் விடியாத மாதிரி வானம். சைக்கிளின் இரண்டு பக்கமும் பழைய பெயிண்ட் வாளிகளைக் கட்டியிருந்தான். ஒன்றில் சோறும் தண்ணீரும், இன்னொன்றில் டியூப், பம்பு, ஸ்பேனர். ஆள் வருவதற்கு முன்னால் அந்த லொடலொடச் சத்தம் வரும். ஜூரோங்கில் எங்கள் பட்டறை இருந்த இடத்தில் இப்போது வேறு ஏதோ கட்டடம். அதற்கு எதிரே காலை ஊன்றிக் கொஞ்ச நேரம் நின்றான். பஸ் ஸ்டாப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் ஒரு மாதிரியாகிவிட்டது. அங்கே எங்களோடு வேலை பார்த்தவர்களில் இப்போது போன் எடுப்பவர்கள் நாலைந்து பேர்தான்.

மத்தியானம் தேக்கா. அந்தத் தமிழ்க் கடைத்தெருவைப் பார்க்காமல் சுற்றினால் அது சிங்கப்பூரைச் சுற்றியதாகாது என்பது அவன் சட்டம். உணவுக் கடைகள் நடுவில் உட்கார்ந்து வாளியைத் திறந்து சாப்பிட்டான். நான் மூன்று மேசை தள்ளி, அங்கே கிடந்த பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். லொடலொடச் சத்தம் பக்கத்தில் வந்து நின்றது.

“டேய், சீனம் எப்படா படிச்ச?”

அப்போதுதான் பேப்பரைப் பார்த்தேன். முழுக்கச் சீன எழுத்து.

“படம் பாக்குறேன்டா.”

“மக அனுப்புச்சா?”

“சேச்சே. தோசை சாப்பிட வந்தேன்.”

“தோசை எங்க?”

“இன்னும் வரல.”

“நீ பின்னால வந்தா இது தனியாப் போனதா ஆவுமாடா? வீட்டுக்குப் போ.”

போயிருக்கலாம். போகாமல் சாங்கிக்குப் பஸ் ஏறினேன்.

நான் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கடலோரப் பாதையில் ஒரு மரத்துக்குப் பின்னால் குடையோடு நின்றேன். வந்தான். வளைவில் நனைந்த இலைகள் மேல் சக்கரம் வழுக்கியது. வாளி ஒரு பக்கம், ஸ்பேனர் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.

எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. மறுபடி பார்த்தான். ஓடிக்கொண்டிருந்த ஒரு மலாய்ப் பெண் நின்று கையை நீட்டினாள். தலையை ஆட்டி அனுப்பிவிட்டான். நான் இருபது அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். விழுந்ததை மறைத்துவிடலாம்; போய்த் தூக்கினால் அவன் வீடு போய்விடும். தூக்காமல் நின்றால் நான் மனுஷனா? அவன் தவழ்ந்துபோய் சைக்கிளைப் பிடித்து, அதன் மேல் பாரம் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தான். ஸ்பேனரைத் தேடிப் பொறுக்கி வாளியில் போட்டான். பிறகு மிதித்தான்.

பொழுது சாயும் நேரம் மார்சிலிங் புளோக்குக்குக் கீழே நானும் தேவியும் காத்திருந்தோம். சொட்டச் சொட்ட வந்து இறங்கியவன் எங்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தானே, கல்யாணத்தன்றுகூட அவன் அப்படிச் சிரித்ததில்லை. அவன் சைக்கிளைப் பூட்டும்போது தேவி மெதுவாகக் கேட்டாள்.

“அங்கிள், விழுந்தாரா?”

“இல்லம்மா.”

வீடு அவனுக்கே நின்றது. பினாங்கு பேச்சை அவன் அப்புறம் எடுக்கவேயில்லை.

பதினோரு மாதம் கழித்து, அந்த வீட்டிலேயே, நெஞ்சு அடைத்துப் போய்விட்டான். பக்கத்தில் யாரும் இல்லை. மறுநாள்தான் தெரிந்தது. அந்த ஒரு ராத்திரியை நினைத்தால் எனக்கு இன்னும் சோறு இறங்குவதில்லை. நான் ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் மகள் வீட்டில், பேரப்பிள்ளைகள் நடுவில் போயிருப்பான்.

மண்டாய் மின்மயானத்தில் எல்லாம் முடிந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

“அங்கிள், அன்னிக்கு அப்பா விழுந்தாருதானே?”

“விழுந்தான்மா. நான்தான் பொய் சொல்லிட்டேன். என்னைய மன்னிச்சிரு.”

“எனக்குத் தெரியும் அங்கிள். முழங்கை பூரா சிராய்ப்பு, சட்டை கிழிஞ்சிருந்துச்சு. பாத்தேன். பாக்காத மாதிரி இருந்துட்டேன்.”

அவள் அழுதாள். நானும்தான்.

கடைசி மூச்சுவரைக்கும் ஒருத்தர் தயவும் இல்லாமல் இருந்துவிட்டதாக நினைத்துக்கொண்டே போயிருக்கிறான், கழுதை. அப்படியே நினைத்துக்கொண்டு இருக்கட்டும்.