எல்லாரும் லீடரான கோடை வேதாகம முகாம்

ஒரு காட்டில் மே மாதம் பிறந்தது. காடு என்றதும் அருவி, புலி என்று கற்பனையை ஓட்டிவிடாதீர்கள். உடைமரமும் பனைமரமும் செம்மண்ணுமாகக் காய்ந்து கிடக்கிற தெற்கத்திக் காடு அது. பள்ளிக்கூடம் லீவு விட்டுவிட்டால் குட்டிகளை வீட்டில் வைத்துச் சமாளிக்க அங்கே எந்தத் தாய்க்கும் தெம்பு கிடையாது. அதற்காகத்தான் ஆண்டவர் கோடை வேதாகம முகாம் என்று ஒன்றை ஏற்படுத்தியிருக்கிறார் என்று தாய்மார்கள் மனதார நம்பினார்கள். காலையில் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போனால் மத்தியானம் வரை நிம்மதி. பாட்டு, கதை, மனப்பாட வசனம், கலர் பேப்பர் வெட்டி ஒட்டுவது, நடுவில் பிஸ்கட்டும் ஆரஞ்சு கலர் ஜூஸும். அந்த நேரத்தில் தாய்மார்கள் என்ன செய்தார்கள் என்றா கேட்கிறீர்கள்? தூங்கினார்கள், பாவம்.

அந்த வருஷம் முகாமை நடத்த முன்வந்தவள் பியூலா அக்கா. கின்னிக்கோழி. தங்கமான மனசு. குரல்தான் கொஞ்சம் அதிகம். யாரோ மைக்கைக் கொண்டுவந்து நீட்டினார்கள். "எனக்கெதுக்கு அது? நான் கூப்பிட்டா பக்கத்துக் காட்டுக்காரன் எந்திரிச்சு வருவான்" என்று தள்ளிவிட்டாள். பொய்யில்லை.

முதல் நாளே ஒரு கூத்து. பிள்ளைகளின் கழுத்தில் மாட்டுவதற்காகப் பெயர் எழுதிய அட்டைகளை மேஜையில் அடுக்கி வைத்திருந்தாள். ஜெபத்துக்குக் கண்ணை மூடினாள். கொஞ்சம் நீளமான ஜெபம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், சிம்சோன் என்கிற வெள்ளாட்டுக்குட்டி கடைசி அட்டையைக் கயிறோடு மென்றுகொண்டிருந்தது.

"அட பாவி! அத்தனையுமா தின்ன?"

"ஆமாக்கா. பசை நல்லாருந்துச்சு."

பியூலா அக்கா பெருமூச்சு விட்டாள். மறுபடியும் எழுத நேரமில்லை. "போட்டும். போகப் போகப் பேரெல்லாம் தெரிஞ்சிரும்" என்றாள்.

தெரியத்தான் செய்தது. எப்படித் தெரிந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. "ஏலே கிதியோன், பந்தல விட்டு இறங்குல!" இப்படிக் குரங்குக்குட்டியின் பெயர் காடு முழுக்கத் தெரிந்தது. "ஜாய்சன், அந்த செல்போன உள்ள வைக்கியா இல்லியா?" இப்படி, பின்வரிசையில் உட்கார்ந்து தன்னைத்தானே வீடியோ எடுத்துக்கொண்டிருந்த விடலை மயிலின் பெயர் தெரிந்தது. யாரையெல்லாம் வைய வேண்டியிருந்ததோ அவர்கள் பெயரெல்லாம் அக்காவுக்கு மனப்பாடம்.

முன்வரிசைப் பாயில் ஒரு செம்மறி ஆட்டுக்குட்டி உட்கார்ந்திருந்தாள். பெயர் லீதியாள். உங்களுக்குச் சொல்லிவிட்டேன், முகாமில் யாருக்கும் தெரியாது. சொன்ன வசனத்தைச் சொன்னபடி ஒப்பிப்பாள். ஜூஸைச் சிந்த மாட்டாள். குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். இப்படிப்பட்ட பிள்ளையை யார் கூப்பிட்டு என்ன சொல்வது? பியூலா அக்கா போகிற போக்கில் "சமத்து" என்று தலையில் ஒரு தட்டுத் தட்டுவாள். அவ்வளவுதான்.

லீதியாளுக்கு ஆசை ஒன்றே ஒன்று. அந்தப் பெரிய குரலில் தன் பெயரை ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும். வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்பாள், "இன்னைக்காவது அக்கா உன்னப் பேர் சொல்லிக் கூப்பிட்டாளா?"

"நாளைக்குக் கூப்பிடுவாங்கம்மா."

ஒருநாள் துணிந்து ஜூஸைக் கீழே கொட்டிக்கூடப் பார்த்தாள். கொட்டிய அடுத்த நொடியே மனசு கேட்காமல், யாரும் பார்ப்பதற்குள் அவளே துடைத்துவிட்டாள். சொல்லும்போதே எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

இப்போது கிதியோனுக்கு வருவோம். அவன் சேட்டை தாங்கவில்லை. சீரியல் பல்பு ஒயரில் ஊஞ்சல் ஆடினான். கதை நேரத்தில் மயிலின் தோகையைப் பிடித்து இழுத்தான். பியூலா அக்காவுக்கு அழுகை வந்தது. அப்போதுதான் ஆசிரியர் பயிற்சியில் ஒரு கொக்கு சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது: சேட்டை பண்ணுகிற பிள்ளைக்குப் பொறுப்பைக் கொடுங்கள், அடங்கிவிடும்.

உடனே மஞ்சள் பேப்பரை வட்டமாக வெட்டி, 'லீடர்' என்று எழுதி, கிதியோன் நெஞ்சில் குத்தி, கையில் ஒரு விசிலும் கொடுத்தாள். அட, என்ன அதிசயம்! குரங்கு விறைப்பாக நின்றது. மற்ற பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியது. அன்று மத்தியானம் வரை ஒரு சத்தமில்லை, விசில் சத்தம் தவிர. பியூலா அக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

ஆனால் பிள்ளைகளுக்குக் கண் இல்லையா என்ன? பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்.

மறுநாள் பன்றிக்குட்டி ஜூஸ் அண்டாவுக்குள் குதித்து நீச்சல் அடித்தது. அதை ஜூஸ் லீடர் ஆக்கினாள். அணில்கள் எல்லார் செருப்பையும் கலைத்து மரத்தில் மாட்டின. செருப்பு லீடர்கள். ஜாய்சன் பிரசங்கத்தின் நடுவில் குத்துப்பாட்டைப் போட்டான். மீடியா லீடர். அட்டையைத் தின்ற சிம்சோனுக்குப் பேப்பர் லீடர். எவ்வளவு கத்துகிறதோ அவ்வளவுக்கு மேலே பதவி என்று ஆனதும், கத்துவதில் முதலிடம் பிடித்த கழுதைக்குட்டியை அமைதி லீடர் ஆக்கினாள். "அமைதி! அமைதி!" என்று அது கத்திய கத்தலில் பக்கத்துப் பனையிலிருந்த காகங்கள் வீடு மாற்றிக்கொண்டு போயின.

அப்புறம் சேட்டைக்கே வரிசை நின்றது. ஒரு மான்குட்டி, பரம சாது, பிஸ்கட் டின் முன்னால் நின்று யோசித்து யோசித்து ஒரு உதை விட்டது. டின் உருண்டு முடிவதற்குள், "எனக்கு என்ன லீடர்க்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்துவிட்டது.

முகாம் முடியப் போகிற சமயத்தில் நிலைமை என்ன தெரியுமா? எல்லாரும் லீடர். எல்லார் வாயிலும் விசில். ஆக்‌ஷன் பாட்டுச் சொல்லிக்கொடுக்க மொத்த முகாமும் மேடையில் ஏறி நின்றது. கீழே பாயில் லீதியாள் மட்டும் தனியாக உட்கார்ந்து அத்தனை பேர் சொன்னதையும் செய்துகொண்டிருந்தாள். ஒரு லீடர் கையைத் தூக்கு என்றால் தூக்கினாள். இன்னொரு லீடர் உட்கார் என்றால் உட்கார்ந்தாள். ஜூஸ் லீடர் குடி என்றான், செருப்பு லீடர் கழற்று என்றான், அமைதி லீடர் மூச்சு விடாதே என்றான். பாவம், காலில் செருப்பே போடாத பிள்ளை அது, எதைக் கழற்றும்?

"அக்கா..." என்று ஒருநாள் மெல்ல ஆரம்பித்தாள்.

"நீ சமத்துல்லா? உன்னப் பத்தி எனக்குக் கவலையே இல்ல" என்று சொல்லிவிட்டு பியூலா அக்கா ஓடினாள். மேடையில் இரண்டு லீடர்கள் ஒருவர் காதை ஒருவர் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசி நாள் வந்தது. பெற்றோர்கள் வந்து பந்தல் நிறைய உட்கார்ந்துவிட்டார்கள். நிகழ்ச்சி, காணாமல் போன ஆட்டை மேய்ப்பர் தேடிப் போகிற வேதாகமக் கதையை நாடகமாக நடிப்பது. மேய்ப்பர் வேஷம்தான் வேண்டும் என்று லீடர்கள் அத்தனை பேரும் ஒற்றைக்காலில் நின்றதால், அத்தனை பேருக்கும் அம்மாக்களின் துண்டைத் தலையில் கட்டிக் கையில் கம்பையும் கொடுத்தாயிற்று. ஆடு வேஷத்துக்கு மிஞ்சியது ஒரே ஆள். யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நேரத்தில் லீதியாள் சமையல் கொட்டகைக்குப் பின்னால், முள்வேலி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கும் கூப்பிடவில்லை என்றால் இனி இல்லை. நாளைக்கு முகாமே கிடையாது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஓநாய் வந்து நின்றது. ஓநாய்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெயர் தெரியாத எதையும் சாப்பிடாது. நல்ல வளர்ப்பு.

"பாப்பா, உன் பேரென்ன?" என்று கேட்டது.

லீதியாள் ஓவென்று அழுதுவிட்டாள். ஓநாயே ஒரு நிமிஷம் பயந்துபோனது. பின்னே? முகாம் தொடங்கியதிலிருந்து அவளிடம் இதைக் கேட்ட முதல் ஆள் அதுதானே.

"லீதியாள்" என்றாள் விசும்பிக்கொண்டே.

"லீதியாள்! ஆகா, எவ்வளவு ருசியான... எவ்வளவு அருமையான பேரு! வேலிக்கு இந்தப் பக்கம் வாம்மா. உன் பேர இன்னும் சத்தமாச் சொல்லுதேன்."

அவள் எழுந்தாள். அவளுக்கும் ஓநாயைத் தெரியும், முட்டாளில்லை. ஆனால் கால் தானாக வேலி இடுக்குக்குப் போனது. அப்போது மேடையிலிருந்து அந்தப் பெரிய குரல் கேட்டது. "ஏ ஆட்டுக்குட்டி! எங்க போன?"

லீதியாள் நின்றாள். அக்கா என் பேரைச் சொன்னால் போவேன், இல்லாவிட்டால் ஓநாய் பக்கமே போய்விடுவேன் என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டாள்.

மேடையில் அமளி. மேய்ப்பர்கள் எல்லாரும் விசில் ஊதிக்கொண்டு ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள், ஒருவர்மேல் ஒருவர் முட்டி விழுந்தார்கள். "ஆட்டுக்குட்டி!" என்று கூப்பிட்டால் சிம்சோன் "என்னக்கா?" என்று வந்து நின்றான். பந்தலில் ஒரே கைதட்டல். நாடகம் அமோகம் என்று நினைத்துவிட்டார்கள். லீதியாளின் அம்மா பக்கத்திலிருந்த பசுவிடம், "எம்மவ எவ்வளவு நல்லாக் காணாமப் போயிருக்கா பாத்தியளா?" என்று பூரித்துப்போய்ச் சொன்னாள்.

"பேர் சொல்லிக் கூப்பிடுங்கக்கா, வந்துருவா" என்றான் கிதியோன்.

பியூலா அக்கா வாயைத் திறந்தாள். திறந்த வாயோடு கிதியோன் பக்கம் திரும்பினாள். "அவ பேரு என்னல?"

கிதியோன் திருதிருவென்று முழித்தான். எந்த லீடருக்கும் தெரியவில்லை.

பெயர் தெரிந்த ஒரே ஆள் எதிரே உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் போய், இத்தனை நாள் உங்கள் பிள்ளையை வைத்திருந்தும் பெயர் தெரியாது என்று எந்த முகத்தோடு கேட்பது? பியூலா அக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் நான் முதலிலேயே சொன்னேன், தங்கமான மனசு. மேடையிலிருந்து இறங்கிப் போய், எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"மன்னிச்சிருங்கக்கா. உங்க மவ பேரு என்ன?"

தாயின் கை தட்டுவதை நிறுத்தியது. முகம் செத்துப்போனது. "லீதியாள்" என்றாள், அவ்வளவு மெதுவாக.

பியூலா அக்கா திரும்பி நின்று, உள்ள மூச்சை எல்லாம் சேர்த்துக் கத்தினாள். "லீதியாஆஆள்!"

வேலி இடுக்கில் ஒரு காலை வைத்துவிட்ட லீதியாள் அதைக் கேட்டாள். "வந்துட்டேங்க்கா!" என்று திரும்பினாள். ஓநாய் பாய்ந்து வாலைக் கவ்வியது. அவளுக்கு வந்ததே கோபம்! திரும்பி ஓநாயின் மூக்கிலேயே முட்டினாள் ஒரு முட்டு. ஓநாய் அலறியது. விட மனசில்லாமல் அவள் பின்னாலேயே வேலிக்குள் தலையை நுழைத்து, முள்ளில் சிக்கி, நகர முடியாமல் மாட்டிக்கொண்டது.

கூட்டம் ஓடி வந்தது. "ஓநாய் வேஷம் யாரு? தத்ரூபமா இருக்கே!" என்று பெற்றோர்கள் மறுபடியும் கைதட்டினார்கள்.

பியூலா அக்கா லீதியாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு ஓநாயைப் பார்த்தாள். பிள்ளையைத் தின்ன வந்திருக்கிறது. இந்த முகாமில் இதுவரை இவ்வளவு பெரிய சேட்டையை யாரும் பண்ணியதில்லை. அப்படியானால் பயிற்சியில் என்ன சொன்னார்கள்? கையில் ஒரே ஒரு பேட்ஜ் மிச்சம் இருந்தது. லீதியாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உன் பேரென்ன தம்பி?" என்றாள் அக்கா ஓநாயிடம்.

"தயாபரன்க்கா."

"தயாபரன், இனி நீதான் பிள்ளைகள் பாதுகாப்பு லீடர்." முள்ளை எடுத்துவிட்டு, பேட்ஜைக் குத்தி, விசிலையும் கொடுத்தாள். தயாபரன் கண் கலங்கிவிட்டான். "கொளுகொளுன்னு இருக்கிற பிள்ளையளத் தனியா நிறுத்துங்க, நான் ஸ்பெஷலாப் பாத்துக்கிடுதேன்" என்றான் உருக்கமாக.

பியூலா அக்கா ஆட்டுக்குட்டி பக்கம் திரும்பினாள். "நீ ஒண்ணும் நெனைக்க மாட்ட. நீ சமத்துல்லா?"

லீதியாள் நேரே நடந்தாள். பந்தலின் நடுக்காலைக் கட்டியிருந்த கயிற்றை எடுத்தாள், நிதானமாக மென்றாள். பந்தல் சரிந்தது. பெற்றோர்கள், லீடர்கள், மிச்சமிருந்த ஜூஸ், எல்லாம் துணிக்கு அடியில். உள்ளே மாட்டிக்கொண்ட பியூலா அக்கா தொண்டை கிழியக் கத்தினாள். "லீதியாள்! ஏட்டி லீதியாள்! அடியே லீதியாள்!"

வெளியே வெயிலில் ஆட்டுக்குட்டி கண்ணை மூடி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கதை கேட்ட கூலிக்கு நீதி: நல்ல பிள்ளையாக இருந்தால் உங்கள் பெயரை ஓநாய்தான் கேட்கும்; ஆகவே குட்டிகளே, முகாமுக்குப் போன முதல் நாளே பந்தல் கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்று பார்த்து வையுங்கள்.